ஆடப்படாத ஆட்டம்

உதைபந்தாட்டத்தைப் பற்றி இலக்கிய ஏடொன்றிற் கட்டுரை எழுதுவதா எனச் சிலர் முகஞ் சுளிக்கலாம். இலக்கியம் என்பது ஏட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பது, திறனாய்வு என்பது அவ்வேட்டைப் புரட்டுவது என்று கருதுவோருக்கு மறுமொழி கூறப் புகுந்தால் கட்டுரை முழுவதும் அதற்கே செலவாகிவிடும். பல்லாயிரம் மக்கள் ஓரிடத்திற் கூடி, தம் அன்றாட வாழ்வில் எளிதிற் கிட்டாத ஒழுங்கையும் நீதியையும் ஒன்றரை மணி நேரம் ஒரு புற்றரையிலே தேடுகிறார்கள் எனின், அத்தேட்டம் திறனாய்வுக்கு உரியதே. திரினிடாட் தீவிற் பிறந்த மார்க்சியவாதியான சி. எல். ஆர். ஜேம்ஸ், கிரிக்கெட்டைப் பற்றி 1963இல் வெளியிட்ட நூலிலே, ஆடுகளத்தின் எல்லைக் கோட்டுக்குள் நிறமும் வர்க்கமும் குடியேற்ற ஆட்சியும் எவ்வாறு இறங்கி விளையாடின என்பதைத் தம் இளமைக்கால அனுபவத்தைக் கொண்டே விளக்கினார். அந்நூல் வெளிவந்து அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் நம்மவர் விளையாட்டை உடற்கல்வி ஆசிரியரின் விசிலுக்கே விட்டுவைத்திருக்கின்றனர். இடதுசாரிகளாகிய நம்மிற் சிலரோ, அது மக்களை மயக்கும் அபின் என்று ஒரே வார்த்தையிற் கூறிவிட்டு, இரவில் யாருமறியாமல் தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்துவிடுகின்றனர்.

இங்கே நாம் ஆராய எடுத்துக்கொள்வது ஓர் ஆட்டத்தை. அதிலும், ஆடப்படாத ஓர் ஆட்டத்தை. 2023ஆம் ஆண்டு டிசெம்பர் 29ஆம் நாள் இரவு, சவூதி அரேபியாவின் தலைநகராகிய றியாத்திலே, துருக்கி நாட்டின் சுப்பர் கிண்ணத்துக்கான போட்டி நடைபெறவிருந்தது. லீக் சம்பியனாகிய கலதசராயும் கிண்ணச் சம்பியனாகிய பெனர்பாச்சேயும் பொருத வேண்டும். இரண்டும் இஸ்தான்புல் நகரத்துக் கழகங்கள். கலதசராய் 1905இல், ஐரோப்பியக் கரையிலிருந்த உயர்தரப் பாடசாலையொன்றின் மாணவரால் தொடங்கப்பெற்றது. பெனர்பாச்சே 1907இல், ஆசியக் கரையிலுள்ள கடிக்கோய்ப் பகுதியிலே தோன்றியது. நடுவே கடல், நூறாண்டைக் கடந்த போட்டி. துருக்கிக் குடியரசு பிறந்து நூறாண்டு நிறைவெய்திய ஆண்டும் அதுவே.

ஆட்டம் தொடங்கவேண்டிய நேரம் நெருங்கிற்று, ஆட்டம் தொடங்கவில்லை. குடியரசின் தாபகராகிய முஸ்தபா கெமால் அதாதுர்க்கின் உருவம் பொறித்த மேற்சட்டைகளை அணிந்து களத்திற் பயிற்சி செய்யவும், நாட்டிலே அமைதியும் உலகிலே அமைதியும் வேண்டிய அவரது புகழ்பெற்ற வாசகத்தைப் பதாகையில் ஏந்தி வரவும் அணிகள் விரும்பின என்றும், போட்டியை நடத்திய சவூதித் தரப்பினர் அதற்கு இணங்கவில்லை என்றும் செய்திகள் கூறின. தேசிய கீதமும் கொடியும் முன்னரே ஒத்துக்கொள்ளப்பட்டவை, மற்றையவை உடன்பட்ட விதிகளுள் அடங்கா என்பது நடத்துநர் கூற்று. ஒழுங்கமைப்பிலே சில இடர்ப்பாடுகள் நேர்ந்தமையால் ஆட்டம் பின்போடப்பட்டது என்பது துருக்கிய உதைபந்தாட்டச் சம்மேளனமும் இரு கழகங்களும் கூட்டாக விடுத்த அறிக்கை. அறிக்கை எழுதுவோர் எந்த நாட்டிலும் ஒரே மொழியிலேதான் எழுதுகின்றனர்! அணிகள் ஊர் திரும்பின. விமான நிலையத்திலே மக்கள் கொடிகளோடு நின்று வரவேற்றனர்.

சில கிழமைகளுக்குப் பின்னர், உயர்தர வகுப்பிலே தொல்காப்பியப் பொருளதிகாரம் படிப்பித்துக்கொண்டிருந்தபொழுது, பாடம் முடிந்து மணியடிக்கச் சில நிமிடங்கள் இருக்கையில், பின்வாங்கில் இருந்த மாணவனொருவன் எழுந்து நின்றான். அவனுடைய தமையன் றியாத்திலே கட்டட வேலை செய்பவன். "காசுக்குத்தானே சேர் அங்க போனவை? பிறகு ஏன் விளையாடாமல் வந்தவை?" என்றான். வகுப்புச் சிரித்தது. எனக்கோ சிரிப்பு வரவில்லை. அன்று மேசையிலே விரித்துக் கிடந்த நூலே அவனுக்கு விடை கூறத் தொடங்கிற்று என்று எனக்குத் தோன்றியது.

தொல்காப்பியர் பாட்டின் பொருளை வகுக்குமிடத்து முதல், கரு, உரி என மூன்றாகக் காண்கிறார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து வாழும் உயிரும் மக்களும் தொழிலும் பறையும் யாழும் கருப்பொருள். இவற்றின் மீது நின்று நிகழும் மனித ஒழுக்கமே உரிப்பொருள். சிறப்பிலே உரிப்பொருள் முதன்மை பெறினும், நிலமும் பொழுதும் வெறும் பின்னணிகள் அல்ல. அவை பெயர்ந்தால் ஒழுக்கமும் பெயர்ந்தே தோன்றும். உதைபந்தாட்டத்திலே உரிப்பொருள் பதினொருவர்க்கும் பதினொருவர்க்கும் இடைப்பட்ட போட்டி. இதை அனைவரும் காண்பர். ஆனால் எந்த ஊர் மண்ணில், எந்தப் பருவத்தில், எந்த மக்கள் சூழ்ந்து நிற்க அது நிகழ்கிறது என்பதைப் பொருளின் பகுதியாகவே கொள்ளல் வேண்டும். கணக்கப்பிள்ளைமாருக்கு இது புலப்படுவதில்லை. ஆட்டத்தை ஒரு பெட்டியில் வைத்து எங்கும் எடுத்துச் செல்லலாம் என்பது அவர்களின் எண்ணம்.

சுப்பர் கிண்ணப் போட்டியின் இயல்பு இவ்விடத்தில் நுணுகி நோக்கத்தக்கது. ஒரு நாட்டின் உதைபந்தாட்டப் பருவம் இருவகை வெற்றிகளை ஈன்றளிக்கின்றது. லீக் என்பது காப்பியம் போன்றது. மாதக் கணக்காக, மழையிலும் பனியிலும், ஒவ்வோர் அணியையும் அதன் ஊரிலும் தன் ஊரிலும் எதிர்த்து ஆடி, ஒரு நாளைய சோர்வை மறுநாளைய உழைப்பால் ஈடுசெய்து, புள்ளி புள்ளியாகச் சேர்க்கப்படுவது அவ்வெற்றி. கிண்ணப் போட்டியோ தனிப்பாடல். தோற்றவன் அன்றே வெளியேறுவான். சிற்றூர் அணியொன்று ஒருநாள் வீரத்தினால் பேரணியைச் சாய்த்துவிடக்கூடும். இவ்விரு வகை வெற்றியாளரையும் நேர்க்கு நேர் நிறுத்தி, நீடித்த உழைப்புப் பெரிதா, நெருக்கடியிற் பிறக்கும் துணிவு பெரிதா என்று வினவுவதே சுப்பர் கிண்ணம். வினா சுவையானது. விடையினால் எவர்க்கும் நட்டமில்லை. புள்ளிப் பட்டியலில் எதுவும் மாறாது.

ஆட்டத்தின் பயன் சிறிதாக இருப்பதனாலேயே அதன் பொருள் முழுவதும் நிலத்தையும் மக்களையும் சார்ந்து நிற்கிறது. லீக் ஆட்டமொன்றை வெற்று மைதானத்தில் ஆடினாலும் மூன்று புள்ளி கிடைக்கும். சுப்பர் கிண்ணத்திலிருந்து அதன் மக்களை நீக்கிவிட்டால் எஞ்சுவது ஒரு வெள்ளிப் பாத்திரம். ஆயின் வணிகனின் கண்ணுக்கு இதே இயல்பு வேறு விதமாகத் தோன்றுகிறது. நாட்டின் மிகப் பெரிய இரு பெயர்கள், ஒரே இரவு, லீக்கின் ஒழுங்கைக் குலைக்காமற் பிரித்தெடுக்கக்கூடிய ஒரு துண்டு. ஆகவே முதலில் விற்பனைக்கு வந்தது அதுவே.

ஆட்டத்தைப் பிற நாட்டிற்குக் கொண்டு செல்வதே குற்றம் என்று நாம் கூற வரவில்லை. அவ்வாறு கூறின் துருக்கியின் சொந்த வரலாறே நம்மை மறுக்கும். அந்நாட்டில் 1966 முதல் லீக் வெற்றியாளரும் கிண்ண வெற்றியாளரும் சனாதிபதிக் கிண்ணத்துக்காகப் பொருதி வந்தனர். இடையில் நின்றுபோன அப்போட்டி சுப்பர் கிண்ணம் என்ற பெயரோடு 2006இல் மீண்டும் தொடங்கியபோது, அது நடைபெற்ற இடம் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரம். 2007இல் கொலோன், 2008இல் டுயிஸ்பேர்க். 1961 ஒக்டோபரில் மேற்கு ஜேர்மனியும் துருக்கியும் செய்துகொண்ட தொழிலாளர் உடன்படிக்கையின் வழியே, அனத்தோலியாவின் கிராமங்களிலிருந்து புகையிரதமேறிச் சென்றவர்கள் அந்நகரங்களின் உருக்காலைகளிலும் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளிலும் தம் இளமையைக் கரைத்தனர். விருந்தினர் என்று பெயரிட்டு அழைத்த நாடு அவர்களை விருந்தினராகவே வைத்திருந்தது. குடிகளாக ஏற்கப் பல பத்தாண்டுகள் சென்றன. கொலோன் நகரத்துப் போர்ட் தொழிற்சாலையிலே 1973 ஓகஸ்டில் வேலைநிறுத்தம் செய்து வீதிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் துருக்கியத் தொழிலாளரே. அதே நகரத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகளின் பின் பெனர்பாச்சேயும் பெசிக்தாசும் சுப்பர் கிண்ணத்துக்காக ஆடியபொழுது, அவ்வாட்டம் தன் மக்களைத் தேடிச் சென்றது எனலாம். நுழைவுச்சீட்டுக் கணக்கு அங்கும் இருந்திருக்கும். அதை அறியாத பாலகர் அல்லர் நாம். ஆயினும் அங்கே நிலம் பெயர்ந்தாலும் கருப்பொருள் பெயரவில்லை.

இன்னோர் ஆண்டையும் நினைவுகூர வேண்டும். 2014 மே 13ஆம் நாள், துருக்கியின் மனிசா மாகாணத்துச் சோமா நிலக்கரிச் சுரங்கத்தில் 301 தொழிலாளர் மாண்டனர். அவ்வாண்டு ஓகஸ்டில் சுப்பர் கிண்ணப் போட்டி மனிசா நகரத்திலேயே நடைபெற்றது. ஆடியவை இதே கலதசராயும் பெனர்பாச்சேயும். தொண்ணூறு நிமிடத்தில் எவரும் கோல் போடவில்லை. தண்டனை உதைகளிலே பெனர்பாச்சே வென்றது. ஆட்டக்கலையின் அளவுகோலால் அளந்தால் அது சப்பென்ற ஆட்டம். இடத்தை வைத்து அளந்தால், அக்கிண்ணத்தின் வரலாற்றிலே அதற்குரிய ஆசனம் உயர்ந்தது.

அங்கிருந்து றியாத் வரை வந்த வழி நீண்டதன்று. 2022 ஜனவரியில் பெசிக்தாசும் அந்தல்யாஸ்போரும் கட்டார் நாட்டின் தோகாவில் ஆடின. அடுத்த படி சவூதி அரேபியா. ஆனால் இதைத் துருக்கியர் கண்டுபிடித்த வழி என்றும் கூற முடியாது. இத்தாலிய சுப்பர் கிண்ணம் 2019 ஜனவரியில் ஜித்தாவிற்குச் சென்றது. அங்கே சில பகுதிகள் ஆண்களுக்கு மட்டும் எனவும், பெண்கள் குடும்பப் பகுதிகளில் அமரலாம் எனவும் நுழைவுச்சீட்டு விற்கப்பட்டபோது இத்தாலியிலே பெருங் கூச்சல் எழுந்தது. கூச்சலிட்டோருள் வலதுசாரி உள்நாட்டு அமைச்சரும் ஒருவர்! ஆட்டம் குறித்த நாளில் நடந்தேறியது.

ஸ்பானியாவின் கதை இன்னும் ஆழமானது. சற்று விரித்துரைத்தல் தகும். லீக் வெற்றியாளரும் கிண்ண வெற்றியாளரும் பொருதும் போட்டி அந்நாட்டில் 1947 முதல் 1953 வரை ஏவா துவார்த்தே கிண்ணம் என்ற பெயரோடு வழங்கிற்று. ஏவா துவார்த்தே என்பவர் ஆர்ஜென்டீனச் சனாதிபதி பெரோனின் மனைவி. ஸ்பானியக் கிண்ணத்துக்கு ஆர்ஜென்டீனப் பெண்மணியின் பெயர் எவ்வாறு வந்தது? 1946 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் சபை, பிராங்கோவின் சர்வாதிகார அரசிடமிருந்து தூதுவர்களை மீட்டுக்கொள்ளுமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டது. ஸ்பானிய மக்கள் பசியால் வாடினர். அவ்வேளையிற் கடனுக்குக் கோதுமை அனுப்பிய நாடு ஆர்ஜென்டீனா. 1947 ஜூனில் ஏவா ஸ்பானியாவுக்கு வந்தார். பிராங்கோ விழா எடுத்து வரவேற்றார். கிண்ணத்துக்கும் பெயர் சூட்டப்பட்டது. லீக் வெற்றியாளருக்கு எதிரே நின்றவரோ கெனெரலிசிமோ கிண்ணத்தை வென்றவர். அது பிராங்கோவின் பட்டப்பெயர். ஒரு பக்கம் ஆள்பவரின் பெயர், மறு பக்கம் கடன் கொடுத்தவரின் பெயர். நடுவே இருபத்திருவர் ஓடினர்.

பெரோனின் கோதுமையோடு வந்த கிண்ணம் கோதுமையோடு போயிற்று. 1982இல் சுப்பர் கிண்ணமாக அது புத்துயிர் பெற்று, பல்லாண்டுகள் இரு கழகங்களின் சொந்த மைதானங்களிலும் மாறி மாறி ஆடப்பட்டது. 2018இல் மொரோக்கோவின் தாஞ்சியருக்கு ஓராட்டம் சென்றது. பின்னர் ஸ்பானியச் சம்மேளனம் சவூதி அரேபியாவுடன் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ நான்கு கோடி யூரோ பெறுமதியான ஒப்பந்தம் செய்து, 2020 ஜனவரியில் ஜித்தாவிலே போட்டியை நடத்திற்று. மனித உரிமை நிலையைக் காரணங்காட்டி, ஸ்பானிய அரச தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமைக்கு விண்ணப்பிக்க மறுத்தது. 2022இல் வெளியான ஒலிப்பதிவுகள், அக்காலத்திற் பார்சலோனாவில் ஆடிக்கொண்டிருந்த வீரரான பிக்கேயின் நிறுவனம் இவ்வொப்பந்தத்திற் பெருந்தொகைத் தரகுக்கு உரியதாயிற்று என்பதைக் காட்டின. சட்டத்துக்கு மாறாக எதுவும் நடைபெறவில்லை என்று அவரும் சம்மேளனத் தலைவரும் கூறினர். சட்டத்தைப் பற்றி நீதிமன்றங்கள் பேசட்டும். நமது அக்கறை உருவத்தைப் பற்றியது.

ஈரணிப் போட்டி நாலணிப் போட்டியாக்கப்பட்டது. வாங்குவோனுக்கு ஓராட்டம் போதாது, மூன்று வேண்டும். எனவே லீக்கிலும் கிண்ணத்திலும் இரண்டாமிடம் பெற்றோரும் அழைக்கப்பட்டனர். முதலாவது ஆண்டிலேயே விளைவு வெளியாயிற்று. பார்சலோனா லீக்கில் முதலிடமும் கிண்ணத்தில் இரண்டாமிடமும் பெற்றிருந்தமையால், லீக்கில் மூன்றாமிடம் பெற்ற றியல் மட்றிட் உள்ளே வந்தது. லீக் சம்பியனாகிய பார்சலோனாவும் கிண்ணச் சம்பியனாகிய வலென்சியாவும் அரையிறுதியிலே தோற்றன. இறுதியாட்டம் றியல் மட்றிட்டுக்கும் அத்லெட்டிக்கோ மட்றிட்டுக்கும் இடையில். இருவருள் ஒருவரும் லீக் சம்பியனல்லர், கிண்ணச் சம்பியனுமல்லர். நீடித்த உழைப்பா, நெருக்கடித் துணிவா என்ற வினா கேட்கப்படவேயில்லை. உள்ளடக்கத்தைக் கழற்றி எறிந்துவிட்டு உருவத்தை மட்டும் பளபளப்பாக்கும் கலையை நாம் இலக்கியத்திலே கண்டிருக்கிறோம். இங்கே அது பந்தோடு வந்தது.

அவ்விறுதியாட்டத்தின் ஒரு கணம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. மேலதிக நேரத்தில், 115ஆவது நிமிடத்தில், அத்லெட்டிக்கோவின் மொராத்தா தடுப்போரைக் கடந்து கோலை நோக்கித் தனியே ஓடுகிறார். றியல் மட்றிட்டின் வல்வெர்தே பின்னாலிருந்து அவர் கால்களை வாரி வீழ்த்துகிறார். மத்தியஸ்தர் சிவப்பு அட்டை காட்டுகிறார். கோல் தடுக்கப்பட்டது, ஆட்டம் கோலின்றி முடிந்தது, தண்டனை உதைகளில் றியல் மட்றிட் 4-1 என வென்றது. அன்றைய சிறந்த ஆட்டக்காரர் விருது வல்வெர்தேக்கே வழங்கப்பட்டது. எதிரணிப் பயிற்றுநரும் அவரைத் தட்டிக்கொடுத்தார். அந்த இளைஞரை நாம் பழிக்கவில்லை. அவர் நிலையில் எவரும் அதைச் செய்வர், செய்ததற்குரிய தண்டனையையும் அவர் ஏற்றார். ஆனால் விதியை மீறியதே விருதுக்குரிய செயலாகும் இரவிலே, விதியைப் பற்றிய கூச்சம் எவர்க்கும் எழாமற் போனதற்கு, அரங்கிலே இருந்தோர் இருதரப்பின் சொந்த மக்களாக இல்லாமையும் ஒரு காரணமோ என ஐயுறுகின்றேன். மட்றிட் நகரத்தில் அதே ஆட்டம் நடந்திருப்பின், அரங்கின் ஒரு பாதி அந்த விருதை அமைதியாகப் பார்த்துக்கொண்டிராது.

இனி றியாத்திற்குத் திரும்புவோம். பிராங்கோவின் கோதுமைக்கு நிகரான ஒன்று துருக்கியின் கதையிலும் உண்டு. 2018 ஒக்டோபர் 2ஆம் நாள், சவூதிப் பத்திரிகையாளர் ஜமால் கசோக்ஜி இஸ்தான்புல்லில் உள்ள சவூதித் துணைத் தூதரகத்துக்குட் சென்று கொல்லப்பட்டார். துருக்கிய அரசு அன்று உலகத்தை நோக்கி நீதி கேட்டது. பின்னர் நாணயத்தின் பெறுமதி சரிந்தது, விலைகள் ஏறின. 2022 ஏப்ரலில் அவ்வழக்கைத் துருக்கிய நீதிமன்றம் சவூதி அரேபியாவிடமே ஒப்படைத்தது. அம்மாத இறுதியில் துருக்கிய சனாதிபதி ஜித்தாவுக்குச் சென்றார். 2023 மார்ச்சில் சவூதி நிதியமொன்று துருக்கிய மத்திய வங்கியில் 500 கோடி டொலரை வைப்பிலிட்டது. அவ்வாண்டின் இறுதியிலே சுப்பர் கிண்ணம் றியாத்திற்குப் பயணமாயிற்று. ஒன்றுக்கு ஒன்று விலை என்று நாம் கணக்கெழுத முடியாது. ஆயின் கடன் நடக்கும் பாதையிலே கிண்ணமும் நடக்கிறது என்பதை 1947லும் கண்டோம், 2023லும் கண்டோம்.

ஆட்டம் நடைபெறாத அவ்விரவைப் பற்றி இருவகை விளக்கங்கள் எழுந்தன. பணத்தை உதறித் தேசத் தந்தையின் மானத்தைக் காத்தனர் என்பது ஒன்று. விளையாட்டிலே அரசியலைப் புகுத்திக் கெடுத்தனர் என்பது மற்றொன்று. இரண்டும் நம்மால் ஏற்கத்தக்கனவல்ல.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். அரசியல் கலவாத துருக்கிய உதைபந்தாட்டம் எப்போது இருந்தது? முதல் உலகப் போரின் பின் பிரித்தானியப் படைகள் இஸ்தான்புல்லை ஆக்கிரமித்திருந்த காலத்தில், தளபதி ஹாரிங்டனின் பெயரால் ஒரு கிண்ணம் வைக்கப்பட்டது. 1923 ஜூன் 29இல் பெனர்பாச்சே பிரித்தானியப் படையணியை 2-1 என்று வென்றது. சில மாதங்களிற் படைகள் வெளியேறின. அவ்வெற்றியை அக்கழகம் இன்றும் தன் தலைமேல் வைத்துப் போற்றுகிறது. 2013 ஜூனில் கெசிப் பூங்காவைக் காக்க இளைஞர் எழுந்தபொழுது, ஒருவரையொருவர் காண விரும்பாத மூன்று இஸ்தான்புல் கழகங்களின் இரசிகர்களும் தோளோடு தோள் நின்றனர். 2023 பெப்ரவரி 6ஆம் நாள் அதிகாலை 4.17 மணிக்கு நிலம் நடுங்கிற்று. துருக்கியில் மாத்திரம் 50,000இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அம்மாத இறுதியிலே பெனர்பாச்சே அரங்கிலிருந்து அரசு பதவி விலக வேண்டும் என்ற கோஷம் எழுந்தது. அடுத்து வந்த வெளியூர் ஆட்டத்துக்கு அக்கழக இரசிகர் செல்லத் தடை விதிக்கப்பட்டது. பெசிக்தாஸ் அரங்கிலே ஆட்டம் 4 நிமிடம் 17 வினாடியை எட்டியபொழுது நிறுத்தப்பட, நிலநடுக்கத்திற் பாதிக்கப்பட்ட சிறுவர்க்கென மக்கள் கொண்டுவந்திருந்த விளையாட்டுப் பொம்மைகள் புற்றரை மீது மழையாகச் சொரிந்தன. பத்திரிகைகள் ஒடுங்கி, கூட்டங்கள் தடுக்கப்பட்டுவரும் நாட்டில், ஆயிரக்கணக்கானோர் ஒன்றுகூடி வாய்திறக்கக்கூடிய அவைகளுள் ஒன்று அந்த அரங்கு. கலதசராயும் பெனர்பாச்சேயும் நேர்க்கு நேர் நிற்கும் ஆட்டத்தை அந்த அவையிலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றர் வரையில் அப்பாற் கொண்டுபோனால் ஆள்பவர்க்கு என்ன வருத்தம் இருக்கப்போகிறது?

முதலாவது விளக்கத்தை மறுப்பது இதனிலும் கடினம். ஏனெனில் அதிலே உண்மையான உணர்ச்சி கலந்திருக்கிறது. விமான நிலையத்திலே நின்ற மக்களின் கண்ணீர் பொய்யன்று. ஆனால் அந்த மக்களை ஒருவராவது கேட்டுவிட்டா ஆட்டத்தை றியாத்துக்கு விற்றனர்? சம்மேளனம் ஒப்பந்தம் செய்தபோது கழகத் தலைவர்கள் உடன்பட்டனர்; விமானமேறினர். நூறாண்டு நிறைவின் ஆட்டம் அங்காராவிலோ இஸ்தான்புல்லிலோ நடைபெறாமல் அயல் அரசொன்றின் கேளிக்கைப் பருவத்தின் ஓர் உருப்படியாவது குடியரசுக்கு இழுக்கு என்பது அவர்களுக்குப் புறப்படும்போது தோன்றவில்லை. மேற்சட்டை மறுக்கப்பட்டபோதுதான் தோன்றிற்று. நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, அந்நிலத்திலே என் குலதெய்வத்தின் விளக்கு எரிய வேண்டும் என்று வாங்கினவனோடு வாதாடுவது போன்றது இது. வாதத்தில் நெகிழ்ச்சி உண்டு. உறுதி எழுதிய கையும் அதே கைதான்.

மேற்சட்டையிலிருந்த உருவத்தைப் பற்றியும் ஒரு சொல். அதாதுர்க் ஏகாதிபத்தியப் படைகளை எதிர்த்து நின்றவர்; மதகுருமாரின் பிடியிலிருந்து கல்வியை மீட்டவர்; பெண்களுக்கு வாக்குரிமை அவர் காலத்திலே கிடைத்தது. இவற்றை முற்போக்காளர் மறுப்பதற்கில்லை. அதே குடியரசின் சிறையிலேதான் மகாகவி நாசிம் ஹிக்மத் 1938 முதல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார். டெர்சிம் மலைகளில் வாழ்ந்த குர்திய மக்கள் 1937-38இற் கொன்றொழிக்கப்பட்டதும் அக்குடியரசின் படைகளாலேயே. ஆகவே ஓர் உருவத்தை மார்பிலே பொறித்துக்கொண்ட மாத்திரத்தில் வரலாறு தூய்மையடைந்துவிடாது. அவ்விரவின் பின் துருக்கியிலே எழுந்த குரல்களிற் பல, ஒப்பந்தம் செய்தவர்களை விட்டுவிட்டு, அறபு மக்கள் அனைவரையும் இழிவுபடுத்தத் தொடங்கின. போருக்கு அஞ்சி ஓடிவந்து துருக்கியில் அடைக்கலம் புகுந்து வாழும் சிரிய அகதிகள் என்ன ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டனர்? றியாத்திலே கட்டடத்தின் உச்சியில் வெயிலில் நின்று வேலை செய்யும் தொழிலாளி என்ன விதி வகுத்தான்? கொடியைக் காட்டிக் கோபத்தை அயலான்மீது திருப்பும் வித்தையை இலங்கையில் வாழும் நாம் புதிதாகக் கற்கவேண்டியதில்லை.

பின்போடப்பட்ட ஆட்டம் ஈற்றில் 2024 ஏப்ரல் 7ஆம் நாள் துருக்கியின் தென்கிழக்கிலே, சன்லியுர்பா நகரத்தில் நடைபெறுமென அறிவிக்கப்பட்டது. குர்தியரும் அறபியரும் பெருந்தொகையாக வாழும் மாகாணம் அது. நிலநடுக்கத்திற் சிதைந்த மாகாணங்களுள் ஒன்று. றியாத்தின் பின் சன்லியுர்பா! இடத்தைத் தெரிந்தவர்கள் அறிந்து தெரிந்தனரோ அறியாது தெரிந்தனரோ, இந்த முறை நிலம் தகுதியானதே. ஆனால் இதற்கிடையிலே வேறு பகைமைகள் முற்றிவிட்டன. மார்ச் 17இல் திரப்சோனிலே ஆட்டம் முடிந்ததும் களத்துள் பாய்ந்த இரசிகர் பெனர்பாச்சே வீரர்களைத் தாக்கினர். மத்தியஸ்தர்கள்மீது நம்பிக்கை இழந்த அக்கழகம் வெளிநாட்டு மத்தியஸ்தரைக் கேட்டது. ஐரோப்பியப் போட்டி நெருங்கியமையால் நாளை மாற்றும்படியும் வேண்டிற்று. சம்மேளனம் இணங்கவில்லை. பெனர்பாச்சே தன் பெருவீரர்களை அனுப்பாமல், பத்தொன்பது வயதுக்குட்பட்டோரைக் களமிறக்கியது. முதல் நிமிடத்திலேயே கலதசராயின் இக்கார்டி கோல் போட்டார். உடனே பையன்கள் களத்தை விட்டு வெளியேறினர். அவர்கள் திரும்பி வரவில்லை.

பெனர்பாச்சேயின் குறைகளுள் நியாயமானவை இருக்கலாம். ஆனால் சம்மேளனத்தோடு பொருத வேண்டிய சண்டையைப் பையன்களின் தோளிலே ஏற்றி அனுப்பியதை எவ்வாறு நியாயப்படுத்துவது? சுப்பர் கிண்ணத்தில் ஆடுதல் என்பது அவ்வயதில் எவனும் கனவு காணும் ஒன்று. அக்கனவு ஒரு நிமிடத்துக்கு வழங்கப்பட்டு, கட்டளையின் பேரிற் பறிக்கப்பட்டது. றியாத்திலே சவூதி நடத்துநர் துருக்கிய மக்களின் ஆட்டத்தைப் பண்டமாக நோக்கினர் என்றால், சன்லியுர்பாவிலே அம்மக்களின் சொந்தக் கழகமே அதைத் தன் வழக்கின் ஒரு பத்திரமாக நோக்கிற்று. இரு இடங்களிலும் இருக்கையிலே வந்து அமர்ந்தவனுக்கு எவரும் மறுமொழி கூறவில்லை.

சன்லியுர்பாச் செய்தி வந்த பின்னர் அம்மாணவனை நூலக வாசலிலே கண்டேன். "கடைசியில் ஆர் சேர் வென்றது?" என்றான். கலதசராய், மூன்றுக்குப் பூச்சியம் என்று பதிவாகியிருக்கிறது என்றேன். ஒரு கோல் தானே அடித்தவை என்றான். விதிப்படி அப்படித்தான் எழுதுவார்கள் என்றேன். சிறிது நேரம் நின்று யோசித்தான்.

"அந்த ஒரு நிமிசத்தைப் பார்க்க எவ்வளவு தூரத்திலயிருந்து சனம் வந்திருக்கும் சேர்?" என்று கேட்டான்.